மூன்றடிப் பலகையும் இரண்டு செங்கல்லும்: உராய்வை வீட்டிலேயே அளந்து பழக ஒரு வழிகாட்டி

தை மாதம் சம்பா அறுவடை முடிந்த கையோடு எங்கள் பக்கத்துத் தார்ச்சாலைகளில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும். களம் போதாத ஊரில் காயப்போட வேறு இடம் கிடையாது. சில வருடங்களுக்கு முன் குடவாசல் பக்கம் ஒரு வளைவில் திடீரென்று மாடு குறுக்கே வர, பரப்பியிருந்த நெல்லின் மேலேயே பைக்கில் பிரேக் பிடித்தேன். சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து நெல்லைத் தட்டிவிட்டபோது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த உராய்வுப் பாடம் ஒரு வரிகூட அந்த நேரத்தில் உதவவில்லையே என்று உறுத்தியது. சூத்திரம் தெரியும், அதைக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை.

அதனால் இந்தக் கட்டுரை. பள்ளியில் படித்து மறந்தவர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கிறவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்க்கலாம். தேவையானவை: மூன்றடி நீளப் பலகை ஒன்று, செங்கல் இரண்டு, அளக்கும் டேப், நல்ல ரப்பர் பேண்ட், நீளமான கயிறு, ஒரு நோட்டு.

பலகையைச் சாய்ப்பதில் ஆரம்பியுங்கள்

பலகையைத் தரையில் கிடத்தி அதன் ஒரு முனையில் செங்கல்லைப் படுக்கையாக வையுங்கள். இப்போது செங்கல்லுக்கும் பலகைக்கும் இடையே உராய்வு எவ்வளவு? எனக்குத் தெரிந்த பெரும்பாலான பிள்ளைகள் "நிறைய" என்பார்கள். சரியான விடை பூஜ்யம். யாரும் அதைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. எதிர்க்க எதுவும் இல்லாதபோது உராய்வும் இல்லை.

செங்கல் இருக்கும் முனையை மெதுவாகத் தூக்குங்கள். கீழே சறுக்கிவிட வேண்டும் என்று எடை செங்கல்லை இழுக்க ஆரம்பிக்கிறது. உராய்வு அதே அளவுக்கு மேல்நோக்கிப் பிடிக்கிறது. இன்னும் தூக்கினால் இன்னும் பிடிக்கிறது. உராய்வு தானாக யாரையும் தள்ளாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், அதுவும் ஒரு எல்லை வரைதான். அந்த எல்லையைத் தாண்டிய நொடியில் செங்கல் சரசரவென்று இறங்கும். அங்கேயே பலகையை நிறுத்திப் பிடியுங்கள்.

இரண்டு அளவு எடுக்க வேண்டும். தூக்கிய முனை தரையிலிருந்து எத்தனை உயரம். அந்த முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து பலகையின் மறுமுனை வரை தரையில் எத்தனை தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உராய்வுக் குணகம். கோணமானி வேண்டாம், கணக்கு அட்டவணை வேண்டாம். உயரம் 45 செ.மீ., தரைத்தூரம் 78 செ.மீ. என்றால் 45 ÷ 78, அதாவது ஏறத்தாழ 0.58. செங்கல்லுக்கும் இழைக்காத மரத்துக்கும் இந்த அக்கம்பக்கத்தில்தான் வரும். ஒரு முறை அளந்து விட்டுவிடாதீர்கள். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். ஐந்தும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், அது உங்கள் தவறு அல்ல. தூசி, ஈரம், பலகையின் நார் ஓடும் திசை எல்லாமே உராய்வில் கை வைக்கும்.

பிறகு ரப்பர் செருப்பு, எவர்சில்வர் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, ஒரு துண்டுப் பட்டுத்துணி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வரும். இங்கே ஒன்றைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: அந்த எண் செருப்பினுடையதும் அல்ல, பலகையினுடையதும் அல்ல, அந்த ஜோடியினுடையது. "மரத்தின் உராய்வு எவ்வளவு" என்று கேட்பது "முருகேசன் எவ்வளவு உறவு" என்று கேட்பது மாதிரி. யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

இரண்டாவது செங்கல்

இப்போது முதல் செங்கல்லின் மேல் இரண்டாவதை அடுக்கி மறுபடி சாயுங்கள். எடை இரண்டு மடங்கு. சறுக்கும் உயரம்? ஏறத்தாழ முன்பு வந்ததேதான். எடை கூடும்போது இழுப்பும் இரண்டு மடங்காகிறது, பிடிப்பும் இரண்டு மடங்காகிறது. அதைத்தான் சூத்திரம் சொல்கிறது: உராய்வின் உச்ச அளவு = உராய்வுக் குணகம் × பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை.

அடுத்தது பலரும் நம்ப மறுப்பது. ஒற்றைச் செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் அதன் நீளப் பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள், நீளம் சரிவின் போக்கிலேயே இருக்கட்டும். நம் ஊர்ச் செங்கல் 9 அங்குல நீளம், நாலரை அகலம், 3 உயரம் என்று கொண்டால், படுக்கையில் தொடும் பரப்பு 40.5 சதுர அங்குலம், பக்கவாட்டில் 27தான். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனாலும் அதே உயரத்தில்தான் சறுக்கும்.

பரப்பு குறைந்தால் பிடிப்பு ஏன் குறையவில்லை? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் நாலரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். லியொனார்தோ தா வின்சி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் குறிப்பேடுகளில் இதே மாதிரி கட்டைகளை வரைந்து, பரப்பு பொருட்டில்லை என்று எழுதி வைத்தார். அது வெளியே வரவில்லை. 1699இல் பிரான்சின் கியோம் அமோந்தோன் அதைத் தானே மறுபடி கண்டுபிடித்து அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். மின்னூட்ட விதிக்காக நாம் அறிந்த அதே கூலோம், ராணுவப் பொறியாளராக ரோஷ்ஃபோர் கப்பல் துறையில் இருந்தபோது உராய்வை அளந்து 1781இல் பரிசு பெற்றார். ஆனால் ஏன் என்பதற்குத் தெளிவான பதில் 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் விளக்கியது இது: கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் எந்தப் பரப்பும் மேடு பள்ளம்தான். இரண்டு பரப்புகள் அங்கங்கே சில மேட்டு நுனிகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. உண்மையில் தொடும் இடம் வெளியே தெரியும் பரப்பில் மிகச் சிறு பகுதி. அழுத்தம் கூடினால் நுனிகள் நசுங்கி, தொடும் இடம் பெரிதாகிறது. செங்கல்லைப் பக்கவாட்டில் வைத்தால் நுனிகளின் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொரு நுனியின் மேலும் சுமை கூடுகிறது. மொத்தத்தில் ஒட்டும் இடம் மாறுவதில்லை.

அப்படியானால் வழவழப்பாகத் தேய்க்கத் தேய்க்க உராய்வு குறைந்துகொண்டே போகுமா? போகாது. மிகச் சுத்தமாக, மிகச் சமமாக இழைத்த இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பு வேறு, வழுக்கல் வேறு. ரப்பரும் இந்த விதிக்கு முழுதாக அடங்குவதில்லை. மெத்தென்று பள்ளங்களுக்குள் இறங்கிவிடுவதால் டயர் விஷயத்தில் பரப்புக்கும் ஓரளவு பங்கு உண்டு.

முதல் இழுப்பும் அடுத்த இழுப்பும்

பீரோவை நகர்த்தியவர்கள் அறிவார்கள். அசைய வைப்பதுதான் பாடு; அசைந்துவிட்டால் அவ்வளவு கஷ்டமில்லை. செங்கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் ரப்பர் பேண்டை மாட்டி, தரையில் மெதுவாக இழுங்கள். செங்கல் கிளம்பும் நொடியில் ரப்பர் எத்தனை நீளம் இழுபட்டிருந்தது என்று ஒருவர் டேப்பில் பார்க்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரப்பர் கொஞ்சம் சுருங்கிவிடும். முதலாவது, நிற்கும் பொருளைப் பிடித்துவைக்கும் 'நிலை உராய்வின்' உச்சம்; இரண்டாவது, ஓடும் பொருளைத் தடுக்கும் 'இயக்க உராய்வு'. பெரும்பாலும் இரண்டாவது சிறியது.

இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் திருவையாற்றில் வருடந்தோறும் தியாகராஜர் ஆராதனையில் கேட்கும் வயலின் நாதம் பிறக்கிறது. வில்லின் குதிரைமயிரில் ரோசின் பூசுகிறார்கள். பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. மயிர் தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தந்தியின் விறைப்பு எல்லையைத் தாண்டியதும் தந்தி நழுவிப் பின்னால் ஓடும். ஓடும்போது உராய்வு குறைவு, ஆகவே தடையில்லாமல் ஓடும். மறுபடி பிடிபடும். இப்படிப் பிடிப்பதும் நழுவுவதும் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை. ரோசின் பூசாத வில்லை இழுத்துப் பாருங்கள், சத்தமே வராது. வீட்டுக் கதவு கிறீச்சிடுவதும் இதே வேலைதான், சுருதி சேராமல்.

இனி என் பைக்குக்கு வருகிறேன். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் அந்த நொடியில் தரையின் மேல் சறுக்குவதில்லை, பதிகிறது, எழுகிறது. அதனால் அங்கே வேலை செய்வது நிலை உராய்வு, பெரியது. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் டயர் சறுக்க ஆரம்பிக்கிறது. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைக் கையில் பிடிக்கிறோம். சறுக்கும் முன்சக்கரம் திருப்பினாலும் திரும்பாது. ஏபிஎஸ் செய்வது இதைத் தடுப்பதுதான்: சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும்போது பிடியை விட்டு விட்டுப் பிடிக்கிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அது கட்டாயம். என் பழைய வண்டியில் இல்லை.

நெல்மணி இன்னொரு கேடும் செய்கிறது. டயரும் தாரும் ஒன்றையொன்று தொடவே விடாமல் நடுவில் உருளுகிறது. நடவுக் காலத்தில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து சாலையில் போடும் களிமண்ணும், மேலே ஒரு தூறல் விழுந்தால், அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குணகம் × 9.8). மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11.1 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் குணகம் 0.7 என்று கொண்டால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 9 மீட்டரில் வண்டி நிற்கும். நனைந்த சாலையில் 0.4 என்றால் கிட்டத்தட்ட 16 மீட்டர். சேறு பூசி 0.2 ஆகிவிட்டால் 31 மீட்டருக்கு மேல். வேகம் 60 ஆனால் காய்ந்த சாலையிலேயே 20 மீட்டர் தாண்டும். சூத்திரத்தில் வண்டியின் எடை எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே நெல்லோ சேறோ கண்ணில் பட்டதும் அதற்கு முன்னாலேயே, காய்ந்த இடத்திலேயே, வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதன் மேல் ஏறியபின் பிரேக்கைத் தொடாமல், ஹாண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்து போங்கள்.

களத்துக்கு ஒரு நடை

நெல் குவித்திருக்கும் களத்துக்கு அனுமதி கேட்டுப் போங்கள். மேலிருந்து கொட்டக் கொட்டக் குவியல் உயர்ந்துகொண்டே போகாது. ஒரு சரிவுக்கு வந்ததும் மேலே விழும் மணிகள் வழிந்து கீழே ஓடி, குவியல் அகலமாகும், சரிவு மாறாது. நீங்கள் சாய்த்த பலகையை நெல் தனக்குத் தானே கட்டிக்கொள்கிறது.

அளக்கும் வழி: கயிற்றால் குவியலின் அடியைச் சுற்றி நீளம் பாருங்கள். அதை 6.28ஆல் வகுத்தால் ஆரம். ஒரு கம்பை நடுவில் இறக்கி உயரம் பாருங்கள். உயரம் ÷ ஆரம், அவ்வளவுதான். சுற்றளவு 6.3 மீட்டர், உயரம் 70 செ.மீ. என்றால் 0.7. ஈர நெல் இதைவிடச் செங்குத்தாக நிற்கும், மணிகளுக்கு இடையே இருக்கும் நீர் அவற்றை ஒட்ட வைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். களத்தில் பழகியவர்கள் ஒரு கை நெல்லை அள்ளி வழியவிட்டே ஏறத்தாழச் சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கில் நெல் வழியும் விதத்தில் உராய்வு தெரிகிறது.

அரிசி ஆலைக்கும் போக முடிந்தால் உமி நீக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று வேகமாக, மற்றது சற்று மெதுவாக. நடுவில் மாட்டும் நெல்லின் ஒரு கன்னத்தை ஒன்று முன்னே இழுக்கும், மறு கன்னத்தை மற்றது பின்தங்க வைக்கும். உமி கழன்றுவிடும், அரிசி உடையாது. வேகம் இரண்டும் ஒன்றாக இருந்தால் நெல் அப்படியே நெல்லாக மறுபக்கம் வரும்.

கயிற்றைச் சுற்றுங்கள்

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. திண்ணைத் தூணில் கயிற்றைச் சும்மா தொட்டபடி வைத்து, ஒரு முனையை நீங்கள் பிடித்து, மறுமுனையை ஒரு வளர்ந்தவரை இழுக்கச் சொல்லுங்கள். தாங்க முடியாது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடியுங்கள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. மூன்றாவதில் எட்டு வயதுப் பிள்ளை ஒரு விரலால் பிடித்து இரண்டு ஆட்களை நிறுத்திவிடும். குணகம் 0.3 என்றால் ஒரு சுற்று உங்கள் பலத்தை ஆறரை மடங்காக்குகிறது. இரண்டு சுற்று 43 மடங்கு, மூன்று சுற்று 286 மடங்கு. ஒவ்வொரு சுற்றும் கூட்டவில்லை, பெருக்குகிறது. முரட்டுக் காளையைக் கட்டுகிறவர் முதலில் மரத்தைச் சுற்றிக் கயிற்றை ஓட்டிவிட்டுப் பிறகு நிதானமாக முடிச்சுப் போடுவதும், நாகப்பட்டினம் துறைமுகத்தில் விசைப்படகின் வடத்தைக் கட்டைத் தூணில் சுற்றிவிட்டு ஒற்றை ஆள் பிடித்து நிற்பதும் இதனால்தான். ஓடும் கயிற்றை வெறுங்கையால் மட்டும் பிடிக்காதீர்கள். உராய்வில் பிறக்கும் சூடு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும்.

கயிறே உராய்வால் ஆனதுதான். வைக்கோல் ஒரு முழம்கூட இல்லை, பிரி முறுக்கினால் பத்து முழம் போகிறது. பசை இல்லை, முடிச்சு இல்லை. முறுக்கும்போது தாள்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. இழுக்க இழுக்க அழுத்தம் கூடுகிறது, அதனால் பிடிப்பும் கூடுகிறது. திருபுவனத்துப் பட்டு பிரிந்து நூலாகிவிடாமல் சேலையாக இருப்பதற்கும் வேறு காரணம் இல்லை.

குறைக்க வேண்டிய இடம்

சறுக்கலை உருளலாக்குவதுதான் பெரிய வழி. செங்கல்லுக்கு அடியில் நாலு பென்சிலைப் போட்டு இழுத்துப் பாருங்கள். ரயிலின் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது குணகம் 0.001, 0.002 என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே வழவழப்பு இன்ஜினுக்குத் தொந்தரவு. இழுக்கப் பிடிப்பு வேண்டுமே. அதற்காகவே இன்ஜினில் மணல் பெட்டி வைத்து, தேவைப்படும்போது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறார்கள்.

மாட்டுவண்டியில் சக்கரம் தரையில் உருளுகிறது, ஆனால் குடத்துக்குள் அச்சு சறுக்கத்தான் செய்கிறது. அங்கேதான் மசகு. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் திரியாக உள்ளே திணிப்பார்கள். எண்ணெய் இரண்டு பரப்பையும் தொடவிடாமல் பிரிக்கிறது, கரி எண்ணெயை ஓடிவிடாமல் பிடித்துவைக்கிறது. எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்த மாமா, சக்கரம் அழ ஆரம்பித்தால் மாடு அழுகிறது என்று அர்த்தம் என்பார். இன்றைக்குக் கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறோம். சில மாதத்தில் அது பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும், மெஷின் எண்ணெய் நல்லது. பூட்டுக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் கரித்தூளைச் சாவியில் தேய்த்துப் போடுங்கள்.

திருவாரூர் ஆழித்தேரில் குறைப்பதும் கூட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். இப்போது திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் சக்கரமும், ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. அப்படியும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் தேர் ஓடாது. கட்டையைச் சாய்வாகக் கொடுத்தால் சக்கரம் அதில் உரசித் திசை மாறும். நேராகக் கொடுத்தால் தேர் நிற்கும். அந்த ஆட்களின் கைவேகத்தையும் கண்ணையும் பார்க்கவே ஒரு முறை போகலாம்.

கூட்ட வேண்டிய இடம்

விரால் மீனை வெறுங்கையால் பிடித்து ஆய முடியாது. அம்மாக்கள் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார்கள். வழவழப்புச் சாற்றைச் சாம்பல் உறிஞ்சுகிறது, அதன் நுண்ணிய துகள்கள் தோலைக் கடித்துப் பிடிக்கின்றன. காவிரிப் படித்துறையில் பாசி ஏறிய படியும் அதே வழுக்கல்தான். ஆடிப்பெருக்குக்கு முன்னால் தேங்காய் நாரும் ஆற்றுமணலும் கொண்டு தேய்த்துவிட்டால் விழாமல் இறங்கலாம். வயதானவர்கள் இறங்கும் துறையாக இருந்தால் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தென்னை ஏறுகிறவர் காலில் மாட்டும் தளைக்கயிறு எதையும் தூக்குவதில்லை. இரண்டு பாதமும் விலகிவிடாமல் கட்டி, அவற்றை மரத்தின் இரு பக்கமும் அழுந்த வைக்கிறது. அழுத்தம் வந்தால் உராய்வு வருகிறது, அந்த உராய்வு முழு உடம்பையும் தாங்குகிறது. மழையில் நனைந்த மரத்தில் ஏற மாட்டேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். குணகம் பாதியாகிவிட்டால் இரண்டு மடங்கு அழுத்த வேண்டும், அந்தப் பலம் யார் காலிலும் இல்லை. வண்டல் வரப்பில் நடக்கும்போது கட்டைவிரலை ஊன்றி, குட்டையான எட்டு வைத்து நடக்கச் சொல்வதும் இந்தக் கணக்குதான். எட்டு நீண்டால் கால் தரையைச் சாய்வாகத் தள்ளும், பலகையை அதிகமாகச் சாய்த்தது போல.

அம்மியை மறக்கக் கூடாது. தேய்ந்து வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாமல் நழுவும். உளி வைத்துக் கொத்தித் தருகிறவர்கள் முன்பெல்லாம் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள்.

நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எந்த ஜோடி, காய்ந்திருக்கும்போது எவ்வளவு, நனைந்திருக்கும்போது எவ்வளவு. இரண்டாவது பத்தியை இந்த ஞாயிறே நிரப்பிவிடலாம். மூன்றாவதை ஐப்பசி அடைமழைக்கு விட்டுவையுங்கள். அன்றைக்குப் பலகையை முற்றத்தில் நனையவிட்டு, வரப்புச் சேற்றைக் கொஞ்சம் பூசி, நீங்கள் தினமும் போடும் செருப்பை முதலில் வைத்து அளந்து பாருங்கள்.